தொலைவில் இருக்கும் ரூட்டரில் டிஎச்சிபி சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஊர்களில் இருக்கும் கடை, பள்ளி, கிளை அலுவலக ரூட்டர்களை ஓரிடத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். லேனில், அதாவது ஓரிடத்தின் உள் நெட்வொர்க்கில், சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறைதான் டிஎச்சிபி. "அங்கே யாருக்கும் ஐபி வரலையாம்" என்ற ஃபோன் அழைப்பில்தான் பெரும்பாலான கேள்விகள் பிறந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளம்), மைக்ரோடிக், சிஸ்கோ ரூட்டர்களிலிருந்து வருகின்றன. கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து தரவில்லை. எந்தக் கருவி, அதைக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் கட்டளையை அதன் உதவிப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

டிஎச்சிபி உள்ளே என்னதான் நடக்குது? தெரியாமலே இத்தனை நாள் ஓட்டிட்டேன்.

நான்கு பாக்கெட்டில் முடிகிற வேலை அது. புதிதாக லேனுக்குள் வரும் கருவிக்கு முகவரி கிடையாது. அதனால் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு, அதாவது அந்த லேனில் இருக்கும் எல்லோருக்கும், "யாராவது முகவரி தருவீர்களா" என்று கேட்கிறது. இது டிஸ்கவர். சர்வர் ஒரு முகவரியைக் காட்டி ஆஃபர் அனுப்பும். கருவி "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று ரிக்வெஸ்ட் அனுப்பும். சர்வர் ஏக் அனுப்பி உறுதி செய்யும். சர்வர் யுடிபி 67-ஆம் போர்ட்டிலும் கருவி 68-ஆம் போர்ட்டிலும் பேசும். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997-இல் ஆர்எஃப்சி 2131 ஆக வெளிவந்தது.

முகவரி நிரந்தரமாகக் கிடைப்பதில்லை, லீஸுக்குத்தான், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கிடைக்கும். லீஸ் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி, முகவரி தந்த சர்வரிடமே நேரடியாகப் போய்ப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால், 87.5 சதவீதம் கழிந்ததும் மறுபடி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கும். இந்த இரண்டு கட்டங்களும் வேறுவேறானவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதையே சார்ந்திருக்கின்றன.

நான் சென்னையில, ரூட்டர் திருநெல்வேலியில. இங்க என் லேப்டாப்ல விபிஎன் போட்டுட்டு ஐபி ரென்யூ அடிச்சா அந்த ரூட்டரை டெஸ்ட் பண்ணின மாதிரிதானே?

இல்லை. டிஸ்கவர் போகும் 255.255.255.255 உங்கள் லேனைத் தாண்டாது, எந்த ரூட்டரும் அதை அடுத்த பக்கம் அனுப்பாது. நீங்கள் ரென்யூ அடித்தால் பதில் சொல்வது உங்கள் வீட்டு ரூட்டர்தான். வயர்கார்டு போன்ற விபிஎன்கள் ஐபி அடுக்கில் மட்டும் ஓடுபவை, அவற்றின் வழியே இந்தப் பாக்கெட் போகாது.

ஆகவே டிஸ்கவர் திருநெல்வேலியில் அந்த லேனுக்குள்ளேயே பிறக்க வேண்டும். தொலைவிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது அதைப் பிறக்க வைப்பதும், என்ன நடந்தது என்று பார்ப்பதும்தான்.

ரூட்டர் பக்கத்துல லீஸ் லிஸ்ட்ல நிறைய டிவைஸ் தெரியுது. அப்ப எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?

அந்தப் பட்டியல் எப்போதோ நடந்ததைச் சொல்கிறது, இப்போது நடப்பதைச் சொல்வதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில் இயல்பான லீஸ் 12 மணி நேரம். காலை 8.55-க்கு முகவரி வாங்கிய கணினி, 9 மணிக்கு டிஎச்சிபி சேவை செத்துப்போனாலும் இரவு 8.55 வரை நிம்மதியாக ஓடும். பட்டியலிலும் இருக்கும். 9.10-க்கு வந்து ஃபோனில் வைஃபையைத் திறப்பவருக்குத்தான் முகவரி கிடைக்காது. "எனக்கு வருதே, உனக்கு ஏன் வரல" என்று அலுவலகத்தில் சண்டை வருவது இதனால்தான்.

இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி லீஸ் கோப்பைத் தற்காலிக நினைவகத்தில் வைக்கிறது, மின்சாரம் போய் வந்தால் பட்டியல் காலியாகிவிடும். கருவிகளோ பழைய முகவரியிலேயே இருக்கும். பட்டியல் காலியாக இருப்பதால் பழுது என்று சொல்லிவிட முடியாது. பட்டியலில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கடைசியாக ஒரு புதிய கருவி எப்போது சேர்ந்தது?

67-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் அடிச்சுப் பார்த்தேன், கனெக்ட் ஆகல. சர்வீஸ் செத்துடுச்சா?

டெல்நெட் டிசிபியில் போகும், டிஎச்சிபி யுடிபியில் இருக்கும். அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. என்மேப் என்ற நெட்வொர்க் சோதனைக் கருவியில் யுடிபி ஸ்கேன் போட்டாலும் "திறந்திருக்கிறது அல்லது தடுக்கப்பட்டிருக்கிறது" என்றுதான் பெரும்பாலும் வரும். ஒழுங்கான டிஎச்சிபி பாக்கெட் வராமல் சர்வர் வாயே திறக்காது.

அங்க ஆளே இல்ல, பிசியும் இல்ல. ரூட்டர் மட்டும்தான் இருக்கு. உள்ளேயே இருந்து சோதிக்க வழி உண்டா?

உண்டு. லினக்ஸ் அடிப்படையிலான ரூட்டர் என்றால் அதற்குள்ளேயே ஒரு பொய்க் கருவியை உருவாக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் வெத் எனப்படும் மெய்நிகர் கேபிள் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையை லேன் பிரிட்ஜில் (லேன் போர்ட்டுகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) சேர்த்துவிடுங்கள். மறுமுனையைத் தனியாக ஒரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் (தனக்கென்று முகவரியும் வழிகளும் கொண்ட தனிப் பகுதி) தள்ளுங்கள். அந்த நேம்ஸ்பேஸுக்குள் யூடிஎச்சிபிசி என்ற, முகவரி கேட்கும் நிரலை ஓட்டினால், ரூட்டரில் கேபிள் சொருகிய புதுக் கருவியைப் போலவே டிஸ்கவர் போகும். வெத்துக்கான கெர்னல் தொகுப்பையும் ஐபி-ஃபுல் தொகுப்பையும் முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.

நேம்ஸ்பேஸ் எதற்கு என்று கேட்பார்கள். அது இல்லாமல் ஓட்டினால், கிடைத்த முகவரியையும் கேட்வேயையும் (லேனுக்கு வெளியே போகும் வழியின் முகவரி) ரூட்டர் தன்மேலேயே போட்டுக்கொள்ளும். ரூட்டரின் டிஃபால்ட் ரூட் தன் லேன் முகவரிக்கே திரும்பி, உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பு, அதாவது தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் இணைப்பு, அங்கேயே அறுந்துவிடும். கூடுதல் காப்பாக, முகவரி கிடைத்ததும் ஓடும் ஸ்கிரிப்டுக்குப் பதிலாக, எதுவும் செய்யாத "ட்ரூ" நிரலைக் கொடுத்துவிடுங்கள். அப்போது முகவரி எங்கும் பூசப்படாது, கிடைத்ததா இல்லையா என்ற செய்தி மட்டும் வரும். கிடைக்காவிட்டால் வெளியேறு, கிடைத்தாலும் வெளியேறு என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சோதனை சர்வர், ஃபயர்வால், பூல் (கொடுப்பதற்கென ஒதுக்கிய முகவரிகள்), பிரிட்ஜ் நான்கையும் பார்த்துவிடும். வெளியே இருக்கும் ஸ்விட்ச், கேபிள், வைஃபை அக்சஸ் பாயின்ட் ஆகியவற்றைப் பார்க்காது. இது தேறியும் மக்களுக்கு முகவரி வரவில்லை என்றால், கோளாறு ரூட்டருக்கு வெளியே இருக்கிறது. ஊருக்குப் புறப்படும் முன் இது தெரிந்தால், ரூட்டரைக் கொண்டுபோவதா ஸ்விட்சைக் கொண்டுபோவதா என்பது தெளிவாகிவிடும். அதே லேனில் தனி அக்சஸ் பாயின்ட்டோ ராஸ்பெர்ரி பையோ இருந்தால், அதற்குள் நுழைந்து ஓட்டுவது இன்னும் நல்ல சோதனை. பாக்கெட் உண்மையான கேபிளில் போய் வரும்.

அங்க ஒரு விண்டோஸ் பிசி இருக்கு. ரிமோட் டெஸ்க்டாப்ல போய் ரிலீஸ், ரென்யூ அடிக்கலாமா அண்ணா?

ரிலீஸ் அடித்த நொடியில் அந்தக் கணினிக்கு முகவரி போய்விடும், கூடவே உங்கள் இணைப்பும் போய்விடும். இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் சேர்த்து அடித்தால் தப்பிக்கலாம் என்பார்கள். டிஎச்சிபி நன்றாக இருந்தால் தப்பிக்கலாம்தான். அது நன்றாக இருக்கிறதா என்பதுதானே கேள்வி? மோசமாக இருந்தால் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு கணினி தனியே நிற்கும், நீங்கள் திரும்ப உள்ளே போக முடியாது.

ரென்யூ மட்டும் அடிப்பதில் அவ்வளவு ஆபத்து இல்லை, ஆனால் சோதனையாக அது அரைகுறை. முதல் பதிலில் சொன்னபடி புதுப்பித்தல் சர்வருக்கு நேரடியாகப் போகிறது. டிஸ்கவர் போகும் பாதையை அது தொடுவதே இல்லை. புதுப்பித்தல் வெற்றி பெற்று, புதிதாக வருபவருக்கு முகவரி கிடைக்காத நிலையும் உண்டு.

அந்தக் கணினியில் என்மேப் நிறுவி, டிஎச்சிபி டிஸ்கவரை எல்லோருக்கும் அனுப்பிப் பார்க்கும் ஸ்கிரிப்டை ஓட்டுவதே நல்லது. அது கணினியின் சொந்த முகவரியைத் தொடாமல், கற்பனையான மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒன்றிலிருந்து டிஸ்கவர் அனுப்பி, வரும் ஆஃபரை முழுதாக அச்சிட்டுக் காட்டும். ஆஃபரோடு நின்றுவிடும், ரிக்வெஸ்ட் அனுப்பாது. விண்டோஸில் இதற்கு என்பிகேப் டிரைவரும் நிர்வாகி உரிமையும் வேண்டும்.

டிஎச்சிபி செட்டிங் மாத்தணும், ஆனா கனெக்ஷன் போயிட்டா 600 கிலோமீட்டர் போகணும். என்ன பாதுகாப்பு?

நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டும் வேலை இது. வெட்டுவதற்கு முன் திரும்பி வர வழி செய்துகொள்ள வேண்டும். மைக்ரோடிக்கில் கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் சேஃப் மோட் தொடங்கும். இணைப்பு அறுந்தால் அதற்குப்பின் செய்த மாற்றங்களை அது தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஜூனிபரில் "கமிட் கன்ஃபர்ம்ட்" உண்டு. மறுபடி உறுதி செய்யாவிட்டால் இயல்பாக 10 நிமிடத்தில் பழைய நிலைக்குப் போய்விடும். சிஸ்கோவில் மாற்றத்தைச் சேமிக்காமல், "10 நிமிடத்தில் ரீலோட்" என்று முதலிலேயே நேரம் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். எல்லாம் சரியென்றால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம்.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் லூசி பக்கத்தில் மாற்றினால், புதிய அமைப்பில் உங்கள் உலாவி ரூட்டரைத் திரும்ப எட்டாத பட்சத்தில் அதுவே பழையதற்குத் திரும்பும். எஸ்எஸ்எச் வழியாக மாற்றினால் அந்தக் காவல் கிடையாது. அமைப்புக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, 10 நிமிடம் கழித்து அந்த நகலைத் திரும்ப வைத்துச் சேவைகளை மறுபடி தொடங்கும் பின்னணி வேலை ஒன்றை நீங்களே ஓடவிடுங்கள். எஸ்எஸ்எச் அறுந்தாலும் சாகாதபடி அதைத் தொடங்க வேண்டும், அதை மறந்தால் மொத்த ஏற்பாடும் வீண்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே வரும் வழி டிஎச்சிபியை நம்பி இருக்கக் கூடாது. கிளையில் இருக்கும் ஒரு கணினி வழியாகத்தான் ரூட்டருக்குள் நுழைகிறீர்கள் என்றால், அந்தக் கணினி முகவரி இழக்கும் நாளில் உங்களுக்கும் வழி அடைபடும். ரூட்டரிலேயே முடியும் ஒரு வயர்கார்டு இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

டிசிபிடம்ப் ஓடவிட்டேன். டிஸ்கவர் வந்துக்கிட்டே இருக்கு, ஆஃபர் போகவே இல்ல. எங்க பார்க்கிறது?

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை யுடிபி 67, 68 போர்ட்டுகளுக்கு வடிகட்டி, லேன் பிரிட்ஜின்மேல் ஓடவிடுங்கள். கூடவே, ஓப்பன்டபிள்யூஆர்டியில் முகவரி கொடுக்கும் சேவையான டிஎன்எஸ்மாஸ்க்கின் டிஎச்சிபி பதிவையும் திறந்து வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

டிசிபிடம்ப் உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. ஆகவே டிசிபிடம்ப்பில் டிஸ்கவர் தெரிந்து, டிஎன்எஸ்மாஸ்க் பதிவில் ஒரு வரிகூட வரவில்லை என்றால், நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது அந்த இன்டர்ஃபேஸில் சேவை கேட்டுக்கொண்டிருக்கவே இல்லை. விருந்தினர் வைஃபை புதிதாக அமைப்பவர்கள் விழும் பள்ளம் இது. விருந்தினர் மண்டலத்திலிருந்து ரூட்டருக்குள் வருவதையெல்லாம் மறுத்துவிடுவார்கள். அது சரிதான், ஆனால் யுடிபி 67-க்கும் டிஎன்எஸ்ஸுக்கும் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) தனி அனுமதி தர மறந்துவிடுவார்கள். ஃபோன் வைஃபையில் சேர்ந்துவிடும், "ஐபி முகவரியைப் பெறுகிறது" என்பதிலேயே நிற்கும்.

பதிவில் டிஸ்கவர் வந்து, கூடவே முகவரி இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், பூல் நிறைந்துவிட்டது. அந்த இன்டர்ஃபேஸின் ஐபிக்குப் பொருந்தும் பூலே இல்லை என்பது இன்னொரு வாய்ப்பு. லேன் ஐபியை 192.168.1.1-இலிருந்து 192.168.10.1-க்கு மாற்றிவிட்டு, பூலை மாற்றாமல் விட்ட மைக்ரோடிக், சிஸ்கோ ரூட்டர்களில் இது வரும். ஓப்பன்டபிள்யூஆர்டி பூலை லேன் ஐபியிலிருந்தே கணக்கிடுவதால் அங்கே அரிது.

டிசிபிடம்ப்பிலேயே டிஸ்கவர் தெரியவில்லை என்றால் ரூட்டரை நோண்ட வேண்டாம். விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி லேன்) எண் தவறாக இருக்கலாம், ஸ்விட்ச் போர்ட் தவறாக இருக்கலாம், கேபிளே இல்லாமல் இருக்கலாம்.

ஆஃபர் போகுது, ஆனா கிளையன்ட் ரிக்வெஸ்ட் அனுப்பல. திரும்பத் திரும்ப டிஸ்கவரே வருது.

ஆஃபர் பிரிட்ஜில் தெரிவதால் அது கருவியின் காதில் விழுந்தது என்று பொருள் இல்லை. பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட போர்ட்டில் டிசிபிடம்ப்பை வையுங்கள். அங்கே ஆஃபர் இல்லையென்றால், அல்லது தவறான விலேன் குறியோடு போகிறது என்றால், விடை கிடைத்துவிட்டது. போகும்போது ஒரு விலேன், திரும்பும்போது வேறு விலேன் என்று ஸ்விட்சில் பாதி அமைத்து விட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால், நம்பகமானது என்று குறிக்கப்படாத போர்ட்டிலிருந்து வரும் ஆஃபர்களைக் கைவிட்டுவிடும். யாராவது ரூட்டரின் கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றிச் சொருகியிருந்தால் போதும், மொத்தக் கிளைக்கும் முகவரி நின்றுவிடும். ரிக்வெஸ்ட் போய் அதற்கு நாக் வருகிறது என்றால் அது வேறு கதை. வேறு சப்நெட்டில் (முகவரி வரம்பில்) வாங்கிய பழைய முகவரியைக் கருவி கேட்கிறது, சர்வர் மறுக்கிறது. அடுத்து கருவி புதிதாக டிஸ்கவர் அனுப்பும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கேபிள் சொருகினா அரை நிமிஷம் கழிச்சுத்தான் ஐபி வருது. சில பிரிண்டருக்கு வரவே மாட்டேங்குது.

ஸ்விட்சின் ஸ்பேனிங் ட்ரீயை, அதாவது கேபிள்கள் சுழலாக இணைந்துவிடாமல் காக்கும் முறையைப் பாருங்கள். பழைய முறையில், போர்ட் உயிர்பெற்றதும் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அதன் பிறகே பாக்கெட்டுகளை விடும். அந்த 30 நொடிக்குள் போன டிஸ்கவர்கள் எல்லாம் வீண். பொறுமையுள்ள கருவி திரும்பக் கேட்கும், பொறுமையில்லாத பிரிண்டர் சும்மா இருந்துவிடும். கணினியும் பிரிண்டரும் சொருகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போட்டால் தீரும். இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

ஐபி வந்துடுச்சு சார், ஆனா நெட் வரல. அப்ப டிஎச்சிபி பிரச்சினை இல்லதானே?

இன்னும் சொல்ல முடியாது. முகவரியோடு கூடவே வரும் தகவல்களும் டிஎச்சிபியின் பொறுப்புதான். ஏக் பாக்கெட்டில் ஆப்ஷன் 1 சப்நெட் மாஸ்க், 3 கேட்வே, 6 டிஎன்எஸ், 51 லீஸ் காலம், 54 சர்வரின் அடையாளம். இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். சேவையை நிறுத்திவிட்ட டிஎன்எஸ் சர்வரின் முகவரி ஆப்ஷன் 6-இல் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம்.

கொஞ்சம் நுணுக்கமானது ஆப்ஷன் 121. குறிப்பிட்ட நெட்வொர்க்குகளுக்குத் தனி வழி சொல்ல அதைப் பயன்படுத்துவார்கள். விதிப்படி, 121 வந்தால் அதைப் புரிந்துகொள்ளும் கருவி ஆப்ஷன் 3-ஐக் கண்டுகொள்ளக் கூடாது. எனவே 121-க்குள் டிஃபால்ட் ரூட்டையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைமை அலுவலக சர்வர் திறக்கும், இணையம் திறக்காது. அதைப் புரிந்துகொள்ளாத பழைய கருவிகளில் மட்டும் இணையம் ஓடி, எல்லோரையும் குழப்பும்.

சாயங்காலம் ஆனா புதுசா வர்றவங்களுக்கு ஐபி கிடைக்கிறதில்ல. மொத்தமே 40 பேர்தான், பூல்ல 150 இருக்கு.

ஆட்களை எண்ணாமல் மேக் முகவரிகளை எண்ணுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுவது இயல்பாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் வந்துபோகும் இடத்தில், ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போனவரின் ஃபோன்கூட லீஸ் முடியும்வரை ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருக்கும். 12 மணி நேர லீஸில் காலையில் வந்துபோனவர்கள் எல்லோரும் மாலைவரை பூலில் உட்கார்ந்திருப்பார்கள்.

விருந்தினர் வைஃபைக்கு லீஸை ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ வைத்து, பூலையும் பெரிதாக்குங்கள். அலுவலக லேனில் நான் லீஸைக் குறைக்க மாட்டேன். அங்கே நீண்ட லீஸ் இருப்பதால்தான், டிஎச்சிபி சிறிது நேரம் படுத்தாலும் வேலை நிற்காமல் ஓடுகிறது.

சர்வர் தலைமை அலுவலகத்துல, கிளை ரூட்டர்ல ரிலே மட்டும். இங்கிருந்து சர்வருக்கு டெஸ்ட் பாக்கெட் அனுப்பினேன், பதிலே வரல.

சர்வர் பதில் அனுப்பியிருக்கக்கூடும், அது உங்களிடம் வராது. லேனில் வரும் டிஸ்கவரை வேறு இடத்தில் இருக்கும் சர்வருக்குக் கடத்துவதுதான் ரிலே. அது ஒவ்வொரு டிஸ்கவரிலும், தன் லேன் பக்க முகவரியை ஜிஐஆடர் என்ற கட்டத்தில் எழுதி சர்வருக்கு அனுப்பும். சர்வர் அந்த ஒரே கட்டத்தை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறது: எந்தப் பூலிலிருந்து தருவது என்று தீர்மானிக்கவும், பதிலை எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்ளவும். கிளையின் முகவரியை நீங்கள் அந்தக் கட்டத்தில் எழுதி அனுப்பினால் பதில் கிளை ரூட்டருக்குப் போகும். சர்வரில் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தால் ஆஃபர் கிளம்புவது தெரியும். சரியான சோதனை வேண்டுமென்றால், ஆள் இல்லாத இடத்துக்குச் சொன்ன அதே பொய்க் கருவியைக் கிளை ரூட்டருக்குள் ஓட்டுங்கள்.

ரிலே அமைப்பில் இரண்டு இடங்கள் அடிக்கடி உடைகின்றன. சர்வர் பக்கத்திலிருந்து கிளை லேனின் முகவரிக்குப் போக வழி இருக்க வேண்டும். வயர்கார்டில் அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலில் டன்னல் முகவரியை மட்டும் போட்டு, கிளை சப்நெட்டை விட்டுவிட்டால் ஆஃபர் டன்னல் வாசலிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது உடைப்பு கண்ணில் படத் தாமதமாகும். முதல் முறை முகவரி ரிலே வழியாகக் கிடைக்கும். பாதி லீஸில் புதுப்பிக்கும்போது கருவி ரிலேயைத் தொடாமல் சர்வரோடு நேரடியாகப் பேசும். ரிலேயின் முகவரிக்கு மட்டும் திறந்துவைத்த ஃபயர்வால் அதைத் தடுக்கும். 87.5 சதவீதத்தில் மறுபடி பொதுவாகக் கேட்கும்போது ரிலே கைகொடுப்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. பதிவில் மட்டும் தோல்விகள் குவியும். கிளை சப்நெட் முழுவதிலிருந்தும் சர்வரின் யுடிபி 67-க்கு அனுமதி கொடுங்கள்.

லேயர் 2 டன்னல் போட்டு என் லேப்டாப்பையே அந்த லேனுக்குள்ள கொண்டுபோயிட்டா?

மைக்ரோடிக்கின் இஓஐபி, ஓப்பன்விபிஎன்னின் டேப் முறை போன்ற லேயர் 2 டன்னல்கள் லேனில் போவதை அப்படியே கடத்துவதால் டிஸ்கவரையும் ஏற்றிச் செல்லும். சோதனை நடக்கும். ஆனால் உங்கள் லேப்டாப் அங்கிருந்து வரும் கேட்வேயை எடுத்துக்கொண்டால், டன்னலைத் தாங்கும் இணைப்பே டன்னலுக்குள் போக முயன்று அறுந்துபோகும். அதைவிட மோசம், டன்னலை உங்கள் வீட்டு லேனோடு பிரிட்ஜ் செய்வது. உங்கள் வீட்டு ரூட்டர் திருநெல்வேலி கணினிகளுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். சோதனைக்காக இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். பொய்க் கருவி முறை இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

ரெண்டு மூணு பேருக்கு மட்டும் 192.168.0-ன்னு ஏதோ வேற ஐபி வருது. நம்ம நெட்வொர்க்கே அது இல்லையே?

லேனில் இன்னொரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறது. வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டு ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் சொருகியிருப்பார்கள். இரண்டு ஆஃபர் வந்தால் கருவிகள் பொதுவாக முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சிலருக்கு மட்டும் வருகிறது.

மேலே சொன்ன என்மேப் ஸ்கிரிப்டை ஓட்டி, வரும் ஆஃபர்களின் ஆப்ஷன் 54-ஐ ஒப்பிடுங்கள். மைக்ரோடிக்கில் டிஎச்சிபி சர்வர் அலர்ட் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. அந்நிய சர்வர் தென்பட்டால் பதிவில் எழுதும். அதன் மேக் முகவரி கிடைத்ததும் ஸ்விட்சின் மேக் பட்டியலில் எந்த போர்ட் என்று பார்த்து, தொலைவிலிருந்தே அந்த போர்ட்டை அணைத்துவிடலாம். அணைக்கும் முன், உங்கள் இணைப்பு அந்த போர்ட் வழியாக வரவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரூட்டரோட இன்டர்நெட் பக்கத்துக்கும் இதே மாதிரி டிஎச்சிபி டெஸ்ட் பண்ணணுமா?

முதலில் அது டிஎச்சிபியா என்று பாருங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் ஃபைபர் இணைப்பு என்றால் அது பிபிபிஓஇ. அங்கே முகவரி வேறு முறையில் வருகிறது, இந்தச் சோதனைகள் பொருந்தாது. டிஎச்சிபிதான் என்றால், தொலைவிலிருந்து அந்தப் பக்கத்தை ரிலீஸ் செய்வது உங்கள் ஒரே வழியை நீங்களே அடைப்பதாகும். பதிவைப் படியுங்கள், லீஸைத் தொடாதீர்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி வந்திருந்தால் அது சேவை நிறுவனத்தின் பொது நேட்டுக்குப் பின்னால், பலர் பகிரும் ஒரே வெளி முகவரியில் இருக்கிறது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது, ரூட்டர்தான் வெளியே வந்து உங்களை எட்ட வேண்டும்.

ஐபிவி6-க்கும் இதேதானா?

இல்லை. அங்கே பல கருவிகள் ரூட்டரின் அறிவிப்பைப் பார்த்துத் தாமே முகவரி அமைத்துக்கொள்கின்றன. டிஎச்சிபிவி6 தனி நெறிமுறை, போர்ட்டுகளும் 546, 547. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பல ஆண்டுகளாக டிஎச்சிபிவி6 வழியே முகவரி வாங்குவதில்லை என்பதால், அதை மட்டும் நம்பி லேன் அமைத்தால் அந்த ஃபோன்களுக்கு ஐபிவி6 கிடைக்காது. ஐபிவி4 சோதனை தேறியதை வைத்து ஐபிவி6 பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் தினமும் தானா ஓடுற மாதிரி வெச்சு, கோளாறு வந்தா மெசேஜ் வரவைக்கலாமா?

வைக்க வேண்டும். பொய்க் கருவியை கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) ஓடவிட்டு, முகவரி கிடைக்காவிட்டால் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மேக் முகவரியைப் பயன்படுத்துங்கள். புதுப்புது மேக்கில் ஓட்டினால், கண்காணிப்பே பூலைத் தின்று தீர்த்துவிடும்.

ஆனால் ஒரே மேக்கில் ஓட்டும்போது ஓர் ஓட்டை விழுகிறது. அந்த மேக்குக்கு ஏற்கெனவே லீஸ் இருந்தால், பூல் முழுக்க நிறைந்துபோயிருந்தாலும் சர்வர் பழைய முகவரியையே திரும்பக் கொடுக்கும். சோதனை தேறிவிடும், வாசலில் நிற்பவருக்கு முகவரி இருக்காது. ரிசர்வேஷன் போட்டு, ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவைத்த மேக்கில் ஓட்டினாலும் இதே கதை. அதனால் பூல் நிரம்புவதைத் தனியாக எண்ண வேண்டும்: லீஸ் பட்டியலில் எத்தனை வரிகள், பூலின் அளவு எத்தனை என்று ஒப்பிட்டு, ஐந்தில் நான்கு பங்கு நிறைந்ததும் செய்தி வரும்படி வையுங்கள். செய்தி வரும்போது இன்னும் சில முகவரிகள் மிச்சம் இருக்கும், கடை திறந்திருக்கும் நேரத்திலேயே பூலைப் பெரிதாக்கிவிடலாம்.